அக்கா தோற்ற பள்ளிக்கூடம்

ஓய்வூதியம் வாங்கும் நம் வயதுக்காரர்களுக்கு மே மாதம் வந்தால் கட்டாயமாக ஒரு வேலை வந்துவிடுகிறது. பிள்ளைகள் தொலைபேசியில் கூப்பிட்டு, பேரப்பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்கிறார்கள். நாம் ஒரு பெயரைச் சொன்னால், “அது வேணாம்ப்பா, இன்னும் கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருக்கணும்” என்கிறார்கள். நான் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயதுத் தளர்வுக்கு யாரிடம் போக வேண்டும், மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து மாறிப்போனால் எந்த மேசையில் நிற்க வேண்டும், அந்த மேசைக்காரர் எப்போது சாப்பிடப் போவார் என்பது வரை எனக்குத் தெரியும். இவற்றையெல்லாம் என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. எந்தப் பள்ளி கண்டிப்பானது என்று மட்டும் கேட்கிறார்கள். அதற்கு விதிமுறை எதுவும் கிடையாது.

நானும் சளைத்தவனில்லை. என் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடியபோது ஊர் ஊராகப் போய் வாசல் தட்டிகளைப் படித்தேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் படங்களை, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவனைப் போல நின்று பார்த்தேன். கடைசியில் மூத்தவனைச் சேர்த்த பள்ளியின் தலைமையாசிரியர் சிரிக்கவே மாட்டார். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு முன்பல்லில் கோளாறு, அதனால்தான் வாயைத் திறப்பதில்லை என்பது மகன் பத்தாவது முடித்த பிறகு தெரிந்தது.

இந்த வியாதி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்கு அது ஒரே ஒரு கோடையில், நான் ஐந்தாவது முடித்த கோடையில், உச்சத்துக்கு ஏறி இறங்கியது.

வீடு வடக்கனந்தலில். அப்போது நாங்கள் தென்னார்க்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், இப்போது கள்ளக்குறிச்சி. வாசலை மாற்றாமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்தாயிற்று. அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். கரும்பை அவரே ஆட்டி, கொல்லையில் கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சுவார். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, “எறக்கு” என்பார். அந்தச் சொல்லுக்காக நான்கு பேர் கொப்பரையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த விரல்கள் தப்பியதே இல்லை. அதனாலேயே உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பதம் உண்டு, அதைப் பார்க்கத் தனக்குத் தெரியும் என்று நம்பினார்.

அவர் மூன்றாவது வரை படித்தவர். ஏன் அதற்கு மேல் படிக்கவில்லை என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “எங்க வாத்தியாரு ரொம்ப நல்லவருங்க. அடிக்கவே மாட்டாரு. அதான் நாசமாப் போய்ட்டேன்.”

என்னை அப்படி நாசமாக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். நாவிதரிடம் கேட்டார், பஸ் கண்டக்டரிடம் கேட்டார், உர மூட்டை இறக்க வந்தவர்களிடம் கேட்டார். ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். காலையில் ஒரு ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார், சாயங்காலம் வேறொரு ஊரைச் சொல்லிக்கொண்டு சாப்பிட உட்காருவார். எனக்கென்று வாங்கிய தகர டிரங்குப் பெட்டியை அம்மா ஒவ்வொரு ஊருக்கும் ஒருமுறை அடுக்கி, ஒருமுறை பிரித்தாள். புது பெயின்ட் வாசனையும் அந்துருண்டை வாசனையும் சேர்ந்து, என் சட்டைகள் நான் போடுவதற்கு முன்பே யாரோ போட்டுக் கழற்றியவை போல ஆகிவிட்டன.

கேட்டு அலுத்த பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மண்டியில் நெல் மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். குத்தூசி என்று கூர்நுனியும் நடுவில் பள்ளமும் உள்ள ஓர் இரும்பு இருக்கும். அதை மூட்டையில் செருகி உருவினால் பள்ளத்தில் ஒரு பிடி நெல் வரும். அதை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து விலை சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளும் அப்படி ஒன்றைச் செருகிப் பார்க்க முடியாதா என்று யோசித்தவருக்கு அக்கா ஞாபகம் வந்தது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அந்த வருஷம்தான் உள்ளூரில் எட்டாவது முடித்திருந்தாள். எட்டாவதுக்கு மேல் உள்ளூரில் வகுப்பு இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். “பொட்டப்புள்ளைய தனியா பஸ்ல அனுப்பிட்டு நான் வூட்ல சோறு துன்ன முடியுமா?” என்று அப்பா ஒருமுறை சொன்னார், பேச்சு அதோடு முடிந்தது. அவள் அழவில்லை. எட்டாவது புத்தகங்களுக்கு மறுபடியும் புது அட்டை போட்டாள். கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் கணக்குப் போட்டு, அம்மா சாணம் மெழுகிய பிறகு அதே இடத்தில் வேறு கணக்குப் போட்டாள். ஒன்பதாவது போக வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கோடையில் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்பாவின் திட்டம் இதுதான். ஆறாவதில் சேர வரும் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் சின்னதாக ஒரு பரீட்சை வைப்பார்கள். அந்தப் பரீட்சையை எனக்கு வைப்பதற்கு முன், அங்கே இருப்பதிலேயே கடினமான கணக்குகளை அக்காவுக்குக் கொடுக்கச் சொல்வது. அவள் போட்டுவிட்டால் பள்ளிக்கூடம் லேசு. அவளால் முடியவில்லை என்றால் அது பள்ளிக்கூடம்.

“எட்டாவது முடிச்ச பொண்ணாலயே முடியலன்னா, அங்க இன்னா படிப்பு இருக்கும் பாரு!” என்று அம்மாவிடம் விளக்கினார்.

அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். “அவ போட்டுட்டா?”

“போட்டுட்டா அடுத்த ஊரு.”

முதலில் களமருதூர் பக்கம். அங்கே அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை வீடு இருந்தது. போகிற வழி முழுக்க நெல் அறுத்த தாள், பஸ்ஸுக்குள் டீசலும் வெற்றிலையும் கலந்த வாடை. ரப்பர் உருண்டையை அழுத்தினால் வாத்து மாதிரி கத்தும் ஹாரன். அங்கிருந்த தலைமையாசிரியர் அப்பாவின் வேண்டுகோளைக் கேட்டுச் சிரித்தார். வெயில் காலத்தில் அவருக்கும் பொழுது போக வேண்டுமே. கரும்பலகையில் கணக்குகளை எழுதிவிட்டு, காப்பி குடிக்கப் போனார். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அக்கா முடித்துவிட்டாள். அவர் திருத்திப் பார்த்து, “அடடே” என்றார்.

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப நாங்க வர்றோங்க.”

“ஏங்க, பையனுக்கு வைக்க வேணாமா?”

“இல்லீங்க. கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க” என்றார் அப்பா, மண்டியில் சாம்பிள் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பும் குரலில்.

அத்தைக்குக் கோபம். “எங்க ஊரு இஸ்கூலு உனுக்குக் கம்மியா? உன் பொண்ணு கெட்டிக்காரின்னு சொல்லேன்டா!”

“எட்டாவது படிச்ச பொண்ணு, அது இன்னா கெட்டிக்காரி? கணக்கு லேசுக்கா.”

இதை நான் காதால் கேட்டேன். அத்தை ஒரு நிமிடம் உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு எங்களுக்கு மோர் கொடுக்கப் போய்விட்டாள்.

அடுத்தது மணலூர்பேட்டை. அங்கே மாமா, அம்மாவின் தம்பி. பெண்ணையாற்றில் தண்ணீர் இல்லை, மணல் மட்டும் அகலமாகக் கிடந்து கண்ணைக் கூச வைத்தது. அங்கே கணக்கோடு இங்கிலீஷ் டிக்டேஷனும் வைத்தார்கள். அக்காவுக்குத் தாளும், மையைத் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவும் கொடுத்தார்கள். அவள் முதல்முறையாக உற்சாகமாக இருந்ததைப் பார்த்தேன். டிக்டேஷன் சொன்ன வாத்தியார் வேகமாகச் சொன்னார், இன்னும் வேகமாகச் சொன்னார், கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கியது. அவள் பேனாவை வைத்துவிட்டு, மையான விரலைத் தாவணியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்தது என்ன என்பது போலப் பார்த்தாள்.

வாத்தியார் தாளை அப்பாவிடம் நீட்டினார். “இந்தப் பொண்ண எங்க சேக்கப் போறீங்க?”

அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கவே அவள் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

“பையனுக்குத்தாங்க பாத்துக்கினு இருக்கேன்” என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில் அவர் ஒரேயடியாகப் பொருமினார். “ஒரு பொண்ணு போட்டுடற கணக்க வச்சிக்கினு பள்ளிக்கூடம் நடத்துறானுங்களாம்.” மாமா பஸ் நிறுத்தம் வரை வந்து, “மாமா, உங்க பொண்ணுதான் ஜாஸ்தி, கணக்கு கம்மி இல்ல” என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். “உனக்கு எப்பவும் தமாசுதான்டா” என்றார் அப்பா. அக்கா அந்தத் தாளைச் சிறியதாக, இன்னும் சிறியதாக மடித்து, கடைசியில் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு ஆக்கி, ஜன்னல் வழியே போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றாவது பயணம் மலைக்கு.

கல்வராயன் மலைமேல் ஒருவர் விடுதியோடு பள்ளி நடத்துகிறார், அங்கே போன பிள்ளை தலையைத் தூக்க மாட்டான் என்று உர மூட்டைக்காரர் சொல்லியிருந்தார். மேலே பஸ் போகாத காலம். கடுக்காயும் புளியும் ஏற்றி இறக்கும் லாரியில் போனோம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. எங்கோ பழுத்த பலாவின் வாசனை லாரியின் புகையையும் மீறி வந்தது. வேறு காரியமாகப் போயிருந்தால் அந்தப் பயணத்தை நான் வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். அன்று வளைவுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீளமான ஓட்டுக் கொட்டகை. மரத்தில் மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. விடுமுறையிலும் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். எல்லோருக்கும் மொட்டை. வரிசையாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். “காத்து அடிக்கறது கேக்குது பாரு” என்றார் என்னிடம், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

விடுதி நடத்தியவர் ஒல்லியான மனிதர். எங்களை உட்காரச் சொல்லவில்லை. “சேத்தா பொங்கலுக்குத்தான் வூட்டுக்கு அனுப்புவேன். நடுவுல யாரும் வந்து பாக்கக் கூடாது” என்றார்.

“அடிப்பீங்களா?” என்று அப்பா ஆர்வத்தோடு கேட்டார்.

“தேவையே வராது.”

அப்பாவுக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அக்காவை முன்னால் தள்ளி, ஒரு கணக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த மனிதர் அக்காவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பொம்பளப் புள்ளைங்களுக்கு நான் பரீட்சை வைக்கறதில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிற்காலத்தில் அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன். அந்த விடுதிக்கு அங்கீகாரம் இருந்ததாக எதிலும் பார்க்கவில்லை. அன்று அது எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், இது குத்தூசி இறங்காத மூட்டை. அப்படிப்பட்ட மூட்டை ஒன்று கல்லும் மண்ணுமாக இருக்கும், இல்லாவிட்டால் ஊரிலேயே சிறந்த நெல்லாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெட்டியை அடுக்கச் சொன்னார். இந்த முறை போர்வையும் வைக்கச் சொன்னார்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை, அதனால் மறுபடி சாப்பிட்டேன். மொட்டைத் தலை எப்படி இருக்கும் என்று கிணற்றுக்குள் எட்டி, முடியைக் கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“டேய். கள்ளக்குறிச்சில ஒரு ஸ்கூலு பாக்கியிருக்குது இல்ல?”

“அப்பா அது வாணாம்னுட்டாரே. பக்கத்துல இருக்கறது இன்னா பெருசா இருந்துடப் போவுதுன்னாரே.”

“அம்மாவ உட்டுச் சொல்லச் சொல்லியிருக்கேன். ஒரு தடவ பாத்துட்டு வுட்டுடலாம்னு.” தண்ணீர் இழுக்கும் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “நீ அங்க சேந்துட்டீன்னா தெனமும் பஸ்ல போவ. உன் கூட நானும் வர்லாம். பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு அதே ரோட்லதான் இருக்குது. நீ மலைக்குப் போய்ட்டீன்னா நான் இங்க சாணி தட்டிக்கினு இருக்க வேண்டியதுதான்.”

பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது. ஆனால் பத்து வயது ஆண்மகன் ஒருவன் துணைக்கு இருந்தால் அனுப்பலாம். எங்கள் ஊர்ச் சட்டம் அப்படி. பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியவள் அவள்தான் என்பது வேறு விஷயம்.

“நீதான் எல்லாத்தையும் போட்டுட்றியே” என்றேன். “அப்பா கம்மின்னு சொல்லிட்டு வந்துடுவாரு.”

“போட மாட்டேன்” என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. வேப்பெண்ணெய் குடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

அம்மா விடாமல் சொல்லி அப்பாவைக் கிளப்பினாள். கள்ளக்குறிச்சிப் பள்ளியில் பரீட்சை வைத்தவர் ஒரு கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் மைக்கறை, காதில் சிவப்புப் பென்சில். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். நான் கதவோரம் தரையில் உட்கார வைக்கப்பட்டேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

வாத்தியார் வட்டிக் கணக்கு, ஆட்கள் வேலை செய்யும் கணக்கு, கடைசியாக ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் தண்ணீர் விட, மூன்றாவது குழாய் அதை வெளியேற்றும் கணக்கு எழுதினார். அக்கா முதல் கணக்கை எடுத்தாள். எழுதினாள். நிறுத்தினாள். அவளுக்குத் தப்பாகப் போடத் தெரியவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள், மூக்கின் நுனியில் வியர்வை கோத்தது. பிறகு பழையபடி வரி வரியாகச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்து, கடைசி வரியில் விடையோடு ஒன்றைக் கூட்டி எழுதினாள். எல்லாக் கணக்கிலும் அப்படியே செய்தாள். தொட்டிக் கணக்கின் கடைசி வரியை மட்டும் ரொம்ப நேரம் எழுதாமல் வைத்திருந்தாள். அது நல்ல கணக்கு. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வாத்தியார் திருத்த ஆரம்பித்தார். முதல் கணக்குக்கு வேகமாகப் பெருக்கல் குறி போட்டார். இரண்டாவதுக்கும் போட்டார். மூன்றாவதில் பென்சில் நின்றது. மேலே போய் முதல் கணக்கை மறுபடி படித்தார். தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்படிப் போட யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?”

“யாரும் இல்ல சார்.”

“அது தெரியுது” என்றார். தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தேன். எழுந்து வெளியே போனார்.

அப்பா துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். “இன்னா சார்?”

“எல்லாமே தப்பு.”

“எல்லாமேவா?” அப்பாவின் குரல் ஏறியது. “ஒண்ணுகூட வரலீங்களா?”

“ஒண்ணுகூட இல்ல. இவ்ளோ ஒழுங்கா தப்புப் போட நெறைய தெரிஞ்சிருக்கணும், ஐயா. அத யோசிச்சுப் பாருங்க.”

பாதியை மட்டும் அப்பா கேட்டார். முகம், பாகு பதத்துக்கு வந்ததைக் கண்டுபிடித்தது போல மலர்ந்தது. வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். “மூணு ஊரு சுத்துனேன் சார். ஒருத்தனாலயும் முடியல. என் பொண்ணையே மடக்கிட்டீங்களே!”

எனக்குப் பரீட்சை வைத்தார்களா என்பதே இப்போது நினைவில்லை. வைத்திருப்பார்கள், விதி இருக்கிறதே. சேர்த்துக்கொண்டார்கள்.

பஸ் நிலையத்தில் அப்பா எங்களுக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அக்கா பன்னைத் தொடவில்லை. பஸ் கிளம்பி ரொம்ப நேரம் கழித்து என் காதருகில் குனிந்தாள். “டேய், அந்தத் தொட்டி கணக்குக்கு வெட பன்னெண்டு மணி நேரம். நீயாவது தெரிஞ்சு வச்சுக்க.”

அவள் யோசிக்காமல் விட்ட இடம் ஒன்று இருந்தது. அது மறுநாள் கொட்டகையில் தெரிந்தது.

அந்தப் பருவத்தின் கடைசிக் கொப்பரை அடுப்பில் இருந்தது. நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. அக்கா அடுப்பு வாயில் கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா நுரையை வழித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். “ஏங்க, பையன் எப்படியும் தெனம் போவப் போறான். பொண்ணையும் ஒம்பதாவதுல சேத்துட்டா ரெண்டும் ஒண்ணாப் போய் வரும்.”

“அவளுக்கு இன்னாத்துக்கு?” அப்பா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “மத்த ஊர்ல எல்லாம் சொம்மா கணக்கு. இங்கதான் நெசமான கணக்கு. அதுலதான் தெரிஞ்சுபோச்சே, அவளுக்கு ஒண்ணும் ஏறலன்னு.”

சக்கையைத் தள்ளிய கை நின்றது. வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன் என்று அவள் சொல்லலாம். சொன்னால் கள்ளக்குறிச்சியும் கம்மியாகிவிடும், நான் மலைக்குப் போவேன், அவளுக்குத் துணை இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் அவள் மக்கு, மக்குக்குப் படிப்பு எதற்கு. நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அடுப்பு வெளிச்சத்தில் அவள் கண் சிவந்திருந்தது. புகை என்று அம்மா நினைத்திருக்கலாம்.

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவள் கரண்டியை வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள். “ஒரு கொப்பரை பதம் தப்பிப்போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க? கொண்டுபோய் வாய்க்கால்ல கொட்டிடுவீங்களா?”

“யாராச்சும் கொட்டுவாங்களா? தண்ணி தெளிச்சு மறுபடியும் அடுப்புல ஏத்துவோம்.”

“அத்தான் சொல்றேன்.”

அப்பா பாகையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் கல்வியைப் பற்றி யார் என்ன சொல்லியிருந்தாலும் அவர் காதில் ஏறியிருக்காது. இது ஏறியது. “சரி. மறுபடியும் காச்சலாம்” என்றார். “ஆனா ஒம்பதுல இல்ல. எட்டுலேர்ந்து காச்சணும். அடியிலயே பதம் சரியில்ல.”

வகுப்பிலேயே முதலாவதாகத் தேறிய எட்டாவதை மறுபடி படிப்பது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எட்டுன்னா எட்டு” என்றாள்.

பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியைக்குக் கண்ணாடி மூக்கின் பாதியில் நிற்கும். மாற்றுச் சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு, “ஒன்பதாவதா?” என்றார்.

“இல்லீங்கம்மா, எட்டுல போடுங்க” என்றார் அப்பா.

“ஒன்பதாவதுக்குத் தகுதின்னு எழுதியிருக்கே.”

“அது சொம்மா எழுதிக் குடுத்துட்டாங்க. பொண்ணுக்கு ஒண்ணும் ஏறல.”

“சும்மா எழுத முடியாதுங்க. கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. பாஸான பொண்ண நான் எட்டுல உக்கார வச்சா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். விதியில இடமில்ல. ஒன்பதுன்னா சேக்கறேன். இல்லன்னா கூட்டிட்டுப் போங்க.”

“அப்ப வாணாங்க” என்று அப்பா எழுந்துவிட்டார். வாசல்படி வரை போனார். நான் பின்னால் போனேன். அக்கா மேசைக்கு எதிரே நின்ற இடத்திலேயே நின்றாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தின் ஓர் எல்லையை ஊர் நிலக் கணக்கில் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தத் தாலுகா ஆபீசுக்கு அலைந்து அலைந்து பார்த்தார். ஆகவில்லை. கடைசியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கணக்கில் எழுதியிருந்தபடி வரப்பை மாற்றிக் கட்டிவிட்டார். காகிதத்தில் முத்திரை விழுந்துவிட்டால் மண்தான் அதற்கேற்ப நகர வேண்டும் என்பது அவர் கண்ட அனுபவம்.

படியில் செருப்பில் காலை நுழைத்தபடி நின்றார். உள்ளே பார்த்துக் கேட்டார். “முத்திர வுழுந்துடுச்சுங்களா?”

“விழுந்தாச்சு.”

“மாத்தவே முடியாதா?”

“முடியாது.”

அப்பா செருப்பைக் கழற்றினார். “அப்ப ஒம்பதுலயே போட்டுடுங்க.”

நான் என் உத்தியோக காலம் முழுவதும் முத்திரையோடுதான் இருந்தேன். அது ஒருவருக்கு நல்லது செய்து நான் கண்ணால் பார்த்தது அன்று மட்டும்தான் என்று எழுதினால் பழைய அலுவலக நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

என் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல பள்ளிதான், மற்ற பள்ளிகளைப் போல. நான் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் உட்கார்ந்து தேறினேன். கணக்கு வாத்தியார் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, “அக்கா படிக்கிறாளா?” என்று மட்டும் கேட்பார். “படிக்கிறா சார்” என்பேன். போய் உட்காரச் சொல்வார்.

அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான பதினோராவதை அக்கா முடித்தபோது பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அதன் பிறகு அவள் படித்ததையும் வேலைக்குப் போனதையும் அவளே எழுதிக்கொள்வாள். முடிவு வந்த அன்று அப்பா வெல்லத்தை உடைத்துத் தட்டில் போட்டுக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. “ஒண்ணுமே ஏறாத பொண்ணுங்க. அதையே முதல்ல கொண்டாந்துட்டாங்கன்னா, அது எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடம் பாத்துக்கோங்க!”

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்தில் நான், என் மதிப்பெண்களோடு. என்னைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். நான்கு ஊர் சுற்றிய மனிதனுக்குத் தப்பு எங்கே நடந்தது என்று அப்போதுதான் புரிந்துவிட்டது.

“ஏம்மா” என்றார், குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்காவிடம். “அந்த ஸ்கூல்ல ஆம்பளப் பசங்கள சேத்துக்கவே மாட்டாங்களா? ஒரு தடவ கேட்டுத்தான் பாரேன்.”

“மாட்டாங்கப்பா” என்றாள் அக்கா. “அது ரொம்பக் கஷ்டமான ஸ்கூலு.”